வீட்டு சர்வர்ல சில போல்டர மட்டும் வெளியாளுக்கு மூடுறது: ஒரு கேஸ் முழுசா

நண்பர் ஒருத்தரோட வீட்டு வெப் சர்வர்ல நடந்தத முழுசா எழுதி வைக்கறேன். இதுல வந்த ஒவ்வொரு பிரச்சனையும் வீட்ல சர்வர் ஓட்டுற யாருக்கும் வரலாம், இங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்ததால எது எத மறைக்குதுன்னு பிரிச்சுப் பார்க்கறதே பெரிய வேலையாப் போச்சு.

செட்டப் இது தான். ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்க கம்ப்யூட்டர்), அதுல டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை), அதுல அப்பாச்சி 2.4 (வெப் சர்வர் சாப்ட்வேர்). அதே மெஷின்ல வேற ஆப்பும் ஓடுறதால முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கற இன்னொரு வெப் சர்வர ரிவர்ஸ் ப்ராக்ஸியா, அதாவது வாசல்ல ரிக்வஸ்ட்ட வாங்கி உள்ள அனுப்பற ஆளா வச்சிருந்தாரு, சர்டிபிகேட் எல்லாம் அது பார்த்துக்கும், வர்ற ரிக்வஸ்ட்ட 127.0.0.1 (மெஷின் தன்னையே கூப்பிடற அட்ரஸ்) வழியா அப்பாச்சிக்குத் தள்ளிவிடும். ரவுட்டர்ல 80, 443 ரெண்டு போர்ட்டும் பார்வர்ட், அதாவது அதுல வெளில இருந்து வர்றது சர்வருக்குப் போகும், டைனமிக் டிஎன்எஸ்ல (வீட்டு ஐபி மாறினாலும் பேர கூடவே மாத்திக்கற சேவை) ஒரு பேரு. டாக்குமென்ட் ரூட்ல, அதாவது சர்வர் வெளில காட்டற மெயின் போல்டர்ல, அவரோட சொந்த சைட், அது உலகத்துக்கே தெரியணும். அதுக்குள்ளயே போட்டோ போல்டர், ஸ்கேன் பண்ணின வீட்டு டாக்குமென்ட் போல்டர், பேக்கப் போல்டர். இந்த மூணும் வீட்டு வைபைல இருக்கறவங்களுக்கு மட்டும் தான் திறக்கணும்.

வெளியூர்ல இருந்த அவரு தங்கச்சி பழைய லிங்க் ஒண்ண மொபைல் டேட்டால தட்டினாங்க, ஆல்பம் முழுசா திறந்துச்சு. அவங்களுக்கு சந்தோஷம், இவருக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா அந்த போல்டர அவரு எப்பவோ பூட்டியாச்சுன்னு நினைச்சிட்டு இருந்தாரு.

என்ன பூட்டு போட்டிருந்தாருன்னு பார்த்தா, மூணு போல்டர்லயும் ஒரு எச்டிஆக்சஸ் பைல் (அந்த போல்டருக்கு மட்டும் ரூல் எழுதற பைல்), உள்ள ஒரே வரி, ரிக்வயர் ஐபி 192.168.1.0/24, அதாவது 192.168.1னு தொடங்கற வீட்டு அட்ரஸ் மட்டும் உள்ள வரலாம். வரி சரி தான். ஆனா அப்பாச்சி அந்த பைல படிக்கவே இல்ல. 2.3.9ல இருந்து எச்டிஆக்சஸ படிக்கலாமான்னு சொல்ற அலவ்ஓவர்ரைட் செட்டிங்கோட டிபால்ட் மதிப்பு நன், டெபியனோட மெயின் கான்பிக்லயும் வெப் போல்டருக்கு நன்னுன்னே எழுதியிருக்கும், அப்படி இருந்தா எச்டிஆக்சஸ்ல நீங்க என்ன எழுதினாலும் சர்வர் அத திறந்தே பார்க்காது, எர்ரரும் காட்டாது. இத கண்டுபிடிக்க ரொம்ப சுலபமான வழி ஒண்ணு இருக்கு, அந்த பைலோட முதல் வரில அர்த்தமே இல்லாத ஒரு வார்த்தைய அடிச்சு சேவ் பண்ணி பேஜ ரீலோட் பண்ணுங்க. 500 எர்ரர் வந்தா பைல் படிக்கப்படுது, பேஜ் எப்பவும் போல வந்தா படிக்கப்படல. இங்க எப்பவும் போல வந்துச்சு.

சரி, அப்போ இவரு ஏன் பூட்டியாச்சுன்னு நம்பினாரு? சும்மா நம்பல, டெஸ்ட் பண்ணித் தான் நம்பினாரு. மொபைல் டேட்டால ஸ்கேன் போல்டர திறந்து பார்த்திருக்காரு, 403 (அனுமதி இல்லன்னு அர்த்தம்) வந்திருக்கு. அந்த 403 வந்தது ரூல்னால இல்ல, டைரக்டரி லிஸ்டிங்க (போல்டர்ல என்னென்ன பைல் இருக்குன்னு காட்டற பட்டியல்) ஆப் பண்ணி வச்சிருந்ததால. போல்டருக்குள்ள இன்டெக்ஸ் பேஜ் இல்ல, லிஸ்ட்டும் காட்டக் கூடாது, அதனால சர்வர் 403 குடுத்துச்சு. ஆனா உள்ள இருக்கற பைல் பேரு தெரிஞ்சா அது நேரா டவுன்லோட் ஆகும். கேமரா போட்டோவோட பேரெல்லாம் வரிசை நம்பர் தானே, ஒண்ணு தெரிஞ்சா அடுத்தது தெரியும். போட்டோ போல்டர்ல ஆல்பம் சாப்ட்வேர் ஒரு இன்டெக்ஸ் பேஜ தானாவே போட்டிருந்ததால அங்க 403 கூட வரல, நேரா திறந்துச்சு.

ரெண்டு 403யும் பார்க்க ஒண்ணு தான், ஆனா எர்ரர் லாக்ல வேற வேற நம்பரோட வரும். ஏஎச்01630னு இருந்தா உங்க ரூல் தான் தடுத்திருக்கு. ஏஎச்01276னு இருந்தா லிஸ்ட் காட்ட முடியலன்னு மட்டும் அர்த்தம், போல்டர் திறந்து தான் கிடக்கு. டெஸ்ட் பண்றப்போ 403 பார்த்ததும் நிறுத்தாம லாக்ல இந்த நம்பர பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், எனக்கு இது இந்த கேஸ்லயே முக்கியமான விஷயமாப் படுது.

எச்டிஆக்சஸ்ஸ விட்டுட்டு ரூல மெயின் கான்பிக்ல டைரக்டரி ப்ளாக்ல எழுதினோம். ஸ்பீடுக்கும் அது நல்லது, ஒவ்வொரு ரிக்வஸ்ட்டுக்கும் ஒவ்வொரு போல்டரா எச்டிஆக்சஸ் இருக்கான்னு தேட வேண்டியதில்ல. பழைய ஆர்டர், டினை, அலவ் வரிகள எங்கயாச்சும் காப்பி பண்ணி இதோட கலக்காதீங்க, அது 2.2 காலத்து எழுத்து. 2.4 வந்ததே 2012ல, பழசும் ஒரு கம்பாட் மாட்யூல் புண்ணியத்துல இன்னும் ஓடும், ஆனா ரெண்டும் ஒரே ப்ளாக்ல இருந்தா எது ஜெயிக்கும்னு படிச்சு சொல்றது கஷ்டம்.

இப்போ ரூல் வேலை செஞ்சுது, வெளியில 403, வீட்லயும் 403. யாருக்குமே திறக்கல. அவரு அன்னிக்கு ராத்திரி நெட்ல தேடி ரிக்வயர் லோக்கல்னு ஒரு வரிய சேர்த்திருக்காரு, வீட்ல உடனே திறந்துச்சு. லோக்கல்னா லோக்கல் நெட்வொர்க்னு தான் யாருக்கும் தோணும். உண்மைல அது 127 வரிசை, ஐபிவி6ல (புது வகை ஐபி அட்ரஸ்) அதுக்குச் சமமான லூப்பேக், இல்லன்னா கனெக்ஷனோட ரெண்டு முனையும் ஒரே அட்ரஸ், இது மூணுல ஒண்ணுன்னா தான் விடும், அதாவது அதே மெஷின்ல இருந்து வர்ற ரிக்வஸ்ட். இங்க எல்லா ரிக்வஸ்ட்டும் என்ஜின்எக்ஸ் வழியா வருது, என்ஜின்எக்ஸ் அதே மெஷின்ல இருக்கு, ஆக அப்பாச்சி கண்ணுக்கு உலகத்துல எவன் கேட்டாலும் 127.0.0.1 தான் கேட்டான். வாசல்ல ஒரே ஆளு எல்லா லெட்டரையும் வாங்கிட்டு வந்து குடுத்தா உள்ள இருக்கறவருக்கு எல்லாம் அந்த ஆளு குடுத்த லெட்டராத் தானே தெரியும், அது மாதிரி. அந்த ஒரு வரி மூணு போல்டரையும் மொத்தமா வெளில திறந்து விட்டுச்சு, வீட்ல இருந்து பார்த்தா பிரச்சனை தீர்ந்த மாதிரியே இருந்துச்சு.

ஐபி வச்சு தடுக்கறதுன்னா சர்வர் பார்க்கற அட்ரஸ வச்சு தடுக்கறது, உண்மையான ஆளோட அட்ரஸ வச்சு இல்ல. அதனால ரூல் எழுதறதுக்கு முன்னாடியே லாக்க திறந்து, வீட்டு வைபைல இருந்து ஒரு தடவ, மொபைல் டேட்டால இருந்து ஒரு தடவ பேஜ திறந்து, ரெண்டுக்கும் லாக்ல என்ன அட்ரஸ் விழுதுன்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னா எந்த ஐபி ரூலும் வேலைக்கு ஆகாது, முதல்ல அத சரி பண்ணணும். ப்ராக்ஸி இல்லாத வீட்லயும் இது வரும். சில ரவுட்டர் பார்வர்ட் பண்றப்போ வெளியாளோட அட்ரஸ அழிச்சுட்டு தன்னோட 192.168.1.1ஐப் போட்டு அனுப்பும், அப்போ உலகமே வீட்டுக்குள்ள இருந்து வர்ற மாதிரி தெரியும். டாக்கர்ல (ஆப்ப தனிப் பெட்டி மாதிரி பிரிச்சு ஓட்டற சாப்ட்வேர்) சர்வர் ஓட்டினாலும் சில செட்டிங்ல எல்லாரும் 172.17.0.1னு வருவாங்க. இங்க ரவுட்டர் ஒழுங்கா இருந்துச்சு, ப்ராக்ஸி தான் காரணம்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, அப்பாச்சில ரிமோட்ஐபி மாட்யூல ஆன் பண்ணி, என்ஜின்எக்ஸ் அனுப்பற எக்ஸ்-பார்வர்டட்-பார் ஹெடர்ல (ரிக்வஸ்ட்டோட கூட வர்ற ஒரு குறிப்பு வரி) இருக்கற அட்ரஸ உண்மையான அட்ரஸா எடுத்துக்கச் சொல்றது. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. நம்பற ப்ராக்ஸிய டிரஸ்டட் ப்ராக்ஸின்னு குடுத்தா, ஹெடர்ல வர்ற 192.168 மாதிரி ப்ரைவேட் அட்ரஸ அது ஏத்துக்காது, வீட்டு ஆளுங்க மறுபடியும் 127.0.0.1ஆவே தெரிவாங்க. இன்டர்னல் ப்ராக்ஸின்னு குடுத்தா தான் ஏத்துக்கும். அதே மாதிரி அப்பாச்சி 127.0.0.1ல மட்டும் லிசன் பண்ணணும், அந்த ஹெடர 127.0.0.1ல இருந்து வந்தா மட்டும் நம்பணும். கண்டவன் அனுப்பற ஹெடர நம்பினா, நான் 192.168.1.5னு ஒரு வரி எழுதி அனுப்பினாலே எவனும் உள்ள வந்துடலாம். லாக் பார்மேட்டையும் மாத்தி பர்சன்ட் குறியோட சின்ன ஏ போட்டுக்குங்க, அப்போ தான் மாட்யூல் கண்டுபிடிச்ச அட்ரஸ் லாக்ல சந்தேகமில்லாம விழும்.

ரெண்டாவது வழி, உண்மையான அட்ரஸ் என்ஜின்எக்ஸுக்குத் தான் தெரியுது, அங்கயே தடுத்துடறது. ரெண்டையும் போடுங்கன்னு சொன்னேன். ரிமோட்ஐபி வேலைய முடிச்சதும் அந்த ரிக்வயர் லோக்கல் வரிய தூக்கியாச்சு. அப்புறம் என்ஜின்எக்ஸ்ல போட்டோ போல்டருக்கு ஒரு லொகேஷன் ப்ளாக் (ஒரு பாதைக்கான ரூல் தொகுப்பு), அலவ் 192.168.1.0/24, கீழ டினை ஆல். வரிசை முக்கியம், மேல இருந்து கீழ முதல்ல பொருந்தற வரி தான் முடிவு. வெளியில இருந்து ஆல்பம் பேஜ் 403. ஆனா ஒரு போட்டோவோட நேர் லிங்க்க போட்டுப் பார்த்தா, படம் சும்மா ஜம்முனு வருது.

காரணம் அவரு கான்பிக்ல கீழ இருந்த இன்னொரு லொகேஷன் ப்ளாக். படங்கள் ப்ரவுசர்ல கேஷ் ஆகணும்னு ஜேபிஜி, பிஎன்ஜில முடியற எல்லாத்துக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (பேரோட அமைப்ப வச்சு பொருத்தற முறை) ப்ளாக் போட்டு, அந்த படங்கள அப்பாச்சிகிட்ட கேக்காம என்ஜின்எக்ஸே டிஸ்க்ல இருந்து நேரா குடுக்கற மாதிரி வச்சிருந்தாரு. என்ஜின்எக்ஸ்ல சாதாரண போல்டர் லொகேஷனும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் லொகேஷனும் ரெண்டும் பொருந்தினா ரெகுலர் எக்ஸ்பிரஷன் தான் ஜெயிக்கும், போல்டர் ப்ளாக்ல இருந்த டினை அந்த படத்துக்குப் பொருந்தவே பொருந்தாது, அப்பாச்சி ரூலுக்கும் அங்க வேலையே இல்ல. போல்டர் லொகேஷனுக்கு முன்னாடி தொப்பிக் குறியும் டில்டாவும் சேர்த்துப் போட்டா, இது பொருந்திருச்சுன்னா மேற்கொண்டு தேடாதன்னு அர்த்தம். அத போட்டதும் படமும் மூடிச்சு. இந்த ஓட்டை ரொம்ப பேரு வீட்ல இருக்கும்னு நான் நினைக்கறேன், ஏன்னா அந்த கேஷ் ப்ளாக்க எல்லாரும் எங்கயோ இருந்து எடுத்து ஒட்டிக்கறாங்க, போல்டர் பேஜ மட்டும் திறந்து பார்த்துட்டு திருப்தி ஆயிடறாங்க.

சிம்லிங்க் (வேற போல்டர சுட்டிக்காட்டற குறுக்குவழி) விஷயமும் இதுல சேர்ந்தது தான். அதே போட்டோ போல்டருக்கு அவரு சைட்டுக்குள்ள இன்னொரு பேர்ல ஒரு சிம்லிங்க் வச்சிருந்தாரு. அப்பாச்சியோட டைரக்டரி ப்ளாக் சிம்லிங்க் எங்க போய் முடியுதுன்னு பார்க்காது, எந்த பாதைல வந்தீங்களோ அந்த பாதைய தான் ஒப்பிடும். அந்த லிங்க் வழியா வந்தா ரூல் பொருந்தாது, அதனால லிங்க்க அழிச்சாச்சு.

அடுத்து வீட்டுக்குள்ளயே புகார். லேப்டாப்ல திறக்குது, அம்மாவோட போன்ல 403. அந்த போன் ஐபிவி6ல போகுது, டொமைனுக்கு ஐபிவி6 ரெக்கார்டும் இருக்கு, போன் சர்வர்கிட்ட தன்னோட பப்ளிக் ஐபிவி6 அட்ரஸோட போய் நிக்குது, அது 192.168ல எங்க பொருந்தும்? வீட்டோட ஐபிவி6 ப்ரிபிக்ஸ (அட்ரஸோட முன்பகுதி) அலவ்ல சேர்த்தா அப்போதைக்கு சரியாகும், ஆனா நிறைய கனெக்ஷன்ல ப்ரிபிக்ஸ் மாறும், மாறின அன்னிக்கு வீட்ல எல்லாருக்கும் மூடும், பழைய ப்ரிபிக்ஸ் வேற யாருக்காச்சும் போனா அவங்களுக்கு கதவு திறந்திருக்கும். அதனால அத நான் வேணாம்னுட்டேன். இதோட இன்னொண்ணும் பார்க்கணும், ஐபிவி6ல போர்ட் பார்வர்ட்னு ஒரு தடையே கிடையாது, மெஷினுக்கு நேரா பப்ளிக் அட்ரஸ், ரவுட்டர்ல ஐபிவி6 பயர்வால் ஆப்ல இருந்தா அந்த மெஷின்ல திறந்திருக்கற அத்தனை போர்ட்டும் வெளில தெரியும். இவரு ரவுட்டர்ல ஆன்ல தான் இருந்துச்சு, நல்லவேளை.

இவ்வளவு ஒட்டு போட்டதுக்கு அப்புறம் எனக்கு ஒரு விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு. வெளில திறந்த சைட்டுக்குள்ளயே ரகசிய போல்டர வச்சுட்டு அதுக்கு ரூல் மேல ரூல் எழுதறோம், நாளைக்கு இன்னொரு லொகேஷன் ப்ளாக் சேர்த்தா மறுபடி ஓட்டை. அதனால மூணு போல்டரையும் டாக்குமென்ட் ரூட்ட விட்டே வெளியேத்தி, தனியா ஒரு சர்வர் ப்ளாக், 192.168.1.20ல 8443 போர்ட்ல மட்டும் லிசன் பண்ற மாதிரி வச்சோம். ரவுட்டர்ல அந்த போர்ட் பார்வர்ட் கிடையாது, ஐபிவி6ல லிசன் கிடையாது, யூபிஎன்பியும் (மெஷின் தானாவே ரவுட்டர்ல போர்ட் திறந்துக்கற வசதி) ஆப். வேற பேர்ல ஒரு வர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரே சர்வர்ல பேரு வச்சு பிரிக்கற சைட்) அதே 443லயே வச்சா போதாதான்னு கேட்டாரு. போதாது, பேரு வச்சு பிரிக்கறது பாதுகாப்பு இல்ல, ஹோஸ்ட் ஹெடர்ல எந்த பேர வேணா எழுதி உங்க பப்ளிக் ஐபிக்கு அனுப்பலாம், சர்வர் அத நம்பி அந்த சைட்ட குடுத்துடும். பேரு யாருக்கும் தெரியாதேன்னும் சொல்ல முடியாது, சர்டிபிகேட் வாங்கின உடனே அந்த பேரு டிரான்ஸ்பரன்சி லாக்ல (குடுத்த சர்டிபிகேட்ட எல்லாம் பதியற பட்டியல்) பப்ளிக்கா பதிவாயிடும், அத பார்த்துட்டே இருக்கற பாட் நிறைய.

ரோபோட்ஸ் பைல்ல (தேடுபொறி எங்க போக வேணாம்னு சொல்ற பைல்) மூணு போல்டர் பேரையும் டிஸ்அலவ்னு எழுதி வச்சிருந்தாரு, அதையும் எடுத்தாச்சு. 1994ல இருந்து இருக்கற அந்த வழக்கம் நல்ல தேடுபொறிக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் தான், கெட்டவனுக்கு அது எங்க பார்க்கணும்னு சொல்ற லிஸ்ட்.

புது ஏற்பாட்டுல ரெண்டு முள்ளு. ஒண்ணு, கரண்ட் போய் வந்தா பை பூட் ஆகறப்போ 192.168.1.20 இன்னும் வரலன்னா என்ஜின்எக்ஸ் அந்த அட்ரஸ புடிக்க முடியாம மொத்தமா ஸ்டார்ட் ஆகாது, பப்ளிக் சைட்டும் சேர்ந்து படுத்துடும். ரவுட்டர்ல அந்த அட்ரஸ ரிசர்வ் பண்ணி, சிஸ்டம்டில (பூட் ஆகறப்போ எல்லாத்தையும் கிளப்பற லினக்ஸ் சாப்ட்வேர்) நெட்வொர்க் ஆன்லைன் ஆனதுக்கு அப்புறம் தான் என்ஜின்எக்ஸ் கிளம்பணும்னு போட்டோம். இன்னொண்ணு, பேரு. வீட்டுக்கான ஒரு சப்டொமைன எடுத்து பப்ளிக் டிஎன்எஸ்லயே 192.168.1.20னு குறிச்சாச்சு, ஐபிவி6 ரெக்கார்ட் வைக்கல, அதனால அம்மா போனும் இப்போ ஐபிவி4லயே போகுது. டிஎன்எஸ் சேலஞ்ச் (டொமைன் நம்மளோடதுன்னு டிஎன்எஸ்ல ஒரு வரி போட்டுக் காட்டறது) வழியா சர்டிபிகேட். சில ரவுட்டர் ப்ரைவேட் அட்ரஸ் பதிலா வந்தா ரீபைண்டிங் தாக்குதல்னு (வெளி பேர வீட்டு அட்ரஸுக்குத் திருப்பற ஏமாத்து) நினைச்சு தூக்கிப் போடும், இங்கயும் போட்டுச்சு, அந்த பேர மட்டும் விலக்குல சேர்த்தோம்.

வெளியில இருக்கறப்போ அவருக்கு வேணும்னா வயர்கார்ட்ங்கற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு வர்ற பூட்டின பாதை). 2020ல வந்த 5.6ல இருந்து லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு, சாவி இல்லாதவன் தட்டினா அது பதிலே குடுக்காது, அதனால ஸ்கேன் பண்றவனுக்கு அந்த போர்ட் இருக்கறதே தெரியாது. அது வழியா வர்றவங்களுக்கான 10.8.0.0/24 வரிசைய அலவ்ல சேர்த்தாச்சு. தங்கச்சிக்கு விபிஎன் எல்லாம் சரிப்பட்டு வராது, அவங்களுக்கு ஒரே ஒரு ஆல்பத்த மட்டும் பப்ளிக் சைட்ல பாஸ்வேர்டோட வச்சோம். இப்படி பாஸ்வேர்ட் கேக்கற பேசிக் ஆத் முறை பாஸ்வேர்ட ஒளிக்காது, பேஸ்64ல (யாரும் திருப்பிப் படிக்கக் கூடிய எழுத்து மாற்றம்) சுத்தி தான் அனுப்பும், எச்டிடிபிஎஸ் இல்லாம அத போடவே கூடாது. பாஸ்வேர்ட் இருக்கற எச்டிபாஸ்வேர்ட் பைல பிகிரிப்ட்ல (பாஸ்வேர்ட திருப்ப முடியாதபடி மறைக்கற முறை) உருவாக்கி டாக்குமென்ட் ரூட்டுக்கு வெளில வச்சாச்சு.

டெஸ்ட்ட இந்த தடவ முழுசா பண்ணினோம். போன்ல வைபை ஆப், விபிஎன் ஆப், ப்ரவுசர்ல இல்ல, கர்ல்ங்கற கமாண்ட்ல. ப்ரவுசர் பழைய படத்த கேஷ்ல இருந்து காட்டி ஏமாத்தும். போல்டர் பாதை, கடைசி ஸ்லாஷ் இல்லாம, பைலோட நேர் லிங்க், பேருக்குப் பதில் நேரா ஐபி, ஐபிவி4ல ஒரு தடவ, ஐபிவி6ல ஒரு தடவ, பொய்யான எக்ஸ்-பார்வர்டட்-பார் ஹெடரோட ஒரு தடவ. எல்லாத்துக்கும் 404 (அப்படி ஒண்ணு இல்லன்னு அர்த்தம்) இல்லன்னா கனெக்ஷனே இல்ல. புதுப்பிக்கற சர்டிபிகேட்டுக்கான வெல்-நோன் பாதை மட்டும் 80ல திறந்திருக்கணும், டினை எழுதற வேகத்துல அதையும் மூடிட்டா சர்டிபிகேட் புதுசாகாது, கொஞ்ச நாள் கழிச்சு சைட்டே எர்ரர் காட்டும்.

திறந்து கிடந்த காலத்துல யாரு எடுத்தாங்கங்கறதுக்கு என்ஜின்எக்ஸ் லாக் தான் சாட்சி, அதுல தான் உண்மையான அட்ரஸ் இருக்கு. டெபியன் டிபால்ட்ல தினம் ஒண்ணா 14 லாக் தான் வைக்கும், அதுக்கு முன்னாடி நடந்தது போயாச்சு. இருந்த வரைக்கும் மூணு போல்டருக்கும் வெளி அட்ரஸ்ல இருந்து 200 (கேட்டத குடுத்தாச்சுன்னு அர்த்தம்) வந்த வரிகள எடுத்தோம். போட்டோல தங்கச்சியோட அட்ரஸ், பேக்கப் போல்டர்ல ஒரு டேட்டாபேஸ் டம்ப் பைல (டேட்டாபேஸோட மொத்த காப்பி) யாரோ எடுத்திருந்தாங்க, பேக்கப்னு பொதுவா வைக்கற பேரு தான் அந்த பைலுக்கும். அதுக்குள்ள இருந்த எல்லா பாஸ்வேர்டும், ஏபிஐ சாவியும் அன்னிக்கே மாத்தியாச்சு. லாக் இல்லாத நாட்கள்ல ஸ்கேன் போல்டரும் எடுக்கப்பட்டிருக்குன்னு வச்சுத் தான் நடந்துக்கணும்னு சொன்னேன், அவரும் அந்த டாக்குமென்ட்ல இருந்த அக்கவுன்ட் விவரங்களுக்கு தேவையான இடத்துல தகவல் குடுத்தாரு.

கடைசியா ஸ்கேன் போல்டருக்கு மட்டும் வீட்டுக்குள்ளயும் பாஸ்வேர்ட் போட்டோம், சாடிஸ்பை ஆல்னு, ஐபியும் பொருந்தணும் பாஸ்வேர்டும் வேணும். 192.168.1.0/24ல வீட்டு ஆளுங்க மட்டும் இல்லையே, டிவி இருக்கு, கேமரா இருக்கு, ஸ்மார்ட் பல்ப் இருக்கு, வர்றவங்க போன் இருக்கு. கெஸ்ட் வைபைய தனி வரிசைக்கு மாத்தியாச்சு, கேமராவையும் பல்பையும் அதுக்குள்ள தள்ளற வேலை இன்னும் பாக்கி, அந்த கேமராவோட ஆப் ஒரே நெட்வொர்க்ல இருந்தா தான் வேலை செய்யுது, அதுக்கு வேற வழி பார்த்துட்டு இருக்காரு.